லாரல் போட்ட கையெழுத்து

ஒருவர் ஒல்லி. இன்னொருவர் குண்டு. இருவர் தலையிலும் உருண்டைத் தொப்பி. ஒல்லி மனிதர் விழிப்பார். தலையைச் சொறிவார். ஒன்றும் தோன்றாவிட்டால் அழுவார். குண்டு மனிதர் பெருமூச்சு விட்டு, படம் பார்ப்பவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இவர்கள்தான் லாரல் - ஹார்டி. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவர்களையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த ஜோடி!

அந்த ஒல்லி மனிதரின் பெயர் ஸ்டான் லாரல். அவர் தம் வாழ்நாளில் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கே இல்லை. படக் கம்பெனி ஒப்பந்தத்தில் போட்டார். கலியாணப் பதிவுப் பத்திரத்தில் போட்டார் (ஒரு முறை அல்ல, பல முறை!). ரசிகர்களுக்கு எழுதிய கடிதங்களில் போட்டார். இன்று அந்தக் காகிதங்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஏலத்தில் பணம் கட்டி வாங்குகிறார்கள்.

இதில் ஒரு விந்தை உண்டு. பணத்துக்காக அவர் போட்ட கையெழுத்துகள் அவருக்கு மனக் கசப்பைத் தந்தன. காசு வாங்காமல் போட்டுக் கொடுத்த கையெழுத்துகள்தான் இன்று காசாகின்றன!

அப்பாவின் கால்சட்டை

லாரல் அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல. இங்கிலாந்தின் வட பகுதியில் அல்வர்ஸ்டன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1890-ம் ஆண்டு ஜுன் மாதம் 16-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆர்தர் ஸ்டான்லி ஜெபர்சன். தகப்பனார் நாடகக் கொட்டகை நடத்தியவர். தாயார் நாடக நடிகை.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. கோமாளி வேஷம்தான் பிடித்தது. 1906-ல் கிளாஸ்கோ நகரில் ஒரு சின்ன அரங்கில் முதன் முதலாக மேடை ஏறினார். அப்போது வயது 16. வீட்டுக்குத் தெரியாமல் செய்த காரியம். அப்பாவின் நல்ல கால்சட்டையை எடுத்து, வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்த்தால், எதிரே அப்பா நிற்கிறார்! தற்செயலாக அங்கே வந்தவர், மகனைப் பார்த்துத் திகைத்துவிட்டார். பையன் நடுங்கினான். ஆனால், அடி விழவில்லை. ஆட்டம் நன்றாக இருந்ததை அப்பா ஒப்புக்கொண்டார். தொழில் தெரிந்தவர் அல்லவா?

பிறகு பிரெட் கார்னோ என்பவரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியில் இன்னொரு வாலிபரும் இருந்தார். அவர்தான் சார்லி சாப்ளின்! 1910-ல் இருவரும் ஒரே கப்பலில் அமெரிக்காவுக்குப் போனார்கள். சாப்ளினுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டியவர் லாரல்.

இருவரும் ஒரே அறையில் தங்கியதும் உண்டு. அறையில் சமைக்கக் கூடாது என்பது விடுதிக்காரர் சட்டம். ஓட்டலில் சாப்பிடக் காசு இல்லை. லாரல் திருட்டுத்தனமாக வாணலியை வைத்து வறுப்பார். வறுக்கும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க, சாப்ளின் பக்கத்தில் நின்று பிடில் வாசிப்பார்!

சாப்ளின் 1913-ல் சினிமாவுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் உலகப் புகழ் பெற்றார். லாரலோ ஊர் ஊராக நாடகம் ஆடிக்கொண்டிருந்தார்.

13 எழுத்து

அப்போது அவர் போட்ட கையெழுத்து ஸ்டான் ஜெபர்சன். இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தால் 13 எழுத்து. 13 ஆகாத எண் என்பது வெள்ளைக்காரர்களின் நம்பிக்கை. அதனால் பெயரை மாற்ற நினைத்தார். அவருடன் சேர்ந்து நடித்த மே டால்பர்க் என்ற நடிகை, லாரல் என்ற பெயரைக் கண்டெடுத்துக் கொடுத்தார். லாரல் என்பது ஒரு மரம். பழைய ரோமாபுரியில் வெற்றி பெற்றவர்களுக்கு அதன் இலைகளை முடியாகச் சூட்டுவார்கள். நம் பக்கத்து வாகையைப் போல.

பெயர் மாறியவுடன் அதிர்ஷ்டம் கதவைத் தட்டிவிடவில்லை. 1917-ல் முதல் சினிமாப் படம். அதன் பிறகும் பல ஆண்டுகள் சில்லறைப் படங்கள்தான். 1921-ல் வந்த ‘தி லக்கி டாக்' என்ற படத்தில் அவருடன் ஒரு பருத்த நடிகரும் தலை காட்டினார். அவர்தான் ஆலிவர் ஹார்டி. ஆனால், அப்போது இருவரையும் ஜோடி சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வெந்துபோன கை

1925-ல் லாரல், ஹால் ரோச் என்ற பட அதிபரிடம் வேலைக்குச் சேர்ந்தார். நடிப்பதற்காக அல்ல. கதை எழுதவும் டைரக்ட் செய்யவும்! நடிப்பை விட்டுவிடலாம் என்றுகூட எண்ணியிருந்தார்.

ஹார்டியும் அதே கம்பெனியில் இருந்தார். அவர் நடிகர் மட்டும் அல்ல, நல்ல சமையல்காரரும்கூட. 1926-ல் ஒரு நாள் வீட்டில் ஆட்டுத் தொடையைச் சமைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். படப்பிடிப்புக்கு வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக லாரலை நடிக்கச் சொன்னார்கள். அப்படித்தான் லாரல் மறுபடியும் காமிராவுக்கு முன்னால் வந்தார். அந்த ஆட்டுக்கறி மட்டும் வேகாமல் இருந்திருந்தால் இந்த ஜோடியே இல்லை!

1927-ல் இருவரும் ஜோடி ஆனார்கள். அதன் பிறகு ஏறுமுகம்தான். ஊமைப் படத்திலும் சிரிக்க வைத்தார்கள். பேசும் படம் வந்தபோது பல ஊமைப் பட நடிகர்கள் காணாமல் போனார்கள். இவர்களோ இன்னும் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். 1932-ல் வந்த ‘தி மியூசிக் பாக்ஸ்' ஆஸ்கார் பரிசு பெற்றது. கதை இவ்வளவுதான்: ஒரு பியானோப் பெட்டியை நீண்ட படிக்கட்டில் மேலே ஏற்ற வேண்டும். ஏற்றுவார்கள். அது உருண்டு கீழே வரும். மறுபடி ஏற்றுவார்கள்!

படத்தில் லாரல் முட்டாள். நிஜத்தில் மூளையே அவர்தான். படப்பிடிப்பு முடிந்ததும் ஹார்டி கோல்ப் விளையாடப் போய்விடுவார். லாரல் போக மாட்டார். நகைச்சுவையை யோசிப்பது, காட்சியைச் சீர் செய்வது, படச்சுருளை வெட்டி ஒட்டுவது எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பார். இதனால் லாரலுக்குச் சம்பளம் கூடுதல். ஹார்டி அதற்காக முகம் சுளித்தது இல்லை. சினிமா உலகத்தில் இது சாதாரணமா?

இரண்டு பத்திரங்கள்

இங்கேதான் கையெழுத்துக் கதை தொடங்குகிறது.

லாரல் - ஹார்டி என்று ஊர் உலகம் ஒரே மூச்சில் சொன்னது. ஆனால், ஹால் ரோச்சிடம் இருந்த ஒப்பந்தப் பத்திரங்கள் இரண்டு. லாரலுக்கு ஒன்று. ஹார்டிக்கு ஒன்று. இரண்டும் ஒரே தேதியில் முடியாது. லாரலின் ஒப்பந்தம் முடியும்போது ஹார்டியின் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும். ஹார்டியுடையது முடியும்போது லாரல் கட்டுப்பட்டு இருப்பார்.

இதன் சூட்சுமம் என்ன? இருவரும் சேர்ந்து போய், கூடுதல் பணம் கொடு, இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகிறோம் என்று கேட்க முடியாது. ஒருவர் போனால் மற்றவர் போக முடியாதே! கூட்டு வண்டியில் இரண்டு மாடுகளையும் தனித்தனி முளையில் கட்டியது போலத்தான். ஹால் ரோச் கெட்டவர் அல்ல. இந்த ஜோடிக்கு வாழ்வு கொடுத்தவர், சுதந்திரமும் கொடுத்தவர். ஆனால், வியாபாரி.

படங்களின் உரிமையும் கம்பெனிக்கே. நடித்ததற்குச் சம்பளம் உண்டு. அதற்கு மேல் படம் எத்தனை ஆண்டு ஓடினாலும் நடிகருக்குப் பங்கு இல்லை. அன்றைய நடிகர்களில் பலர் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள். வரப்போகும் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டியில் படம் தெரியும் என்று யார் கண்டார்கள்?

1937-ல் ‘வே அவுட் வெஸ்ட்' என்ற படம் வந்தது. அதன் கதையும் ஒரு பத்திரத்தைப் பற்றியதுதான். தங்கச் சுரங்கப் பத்திரம் ஒன்றை ஓர் அநாதைப் பெண்ணிடம் சேர்க்க லாரலும் ஹார்டியும் போவார்கள். ஆள் தெரியாமல் ஒரு மோசக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். அதைத் திரும்பப் பிடுங்க அவர்கள் படும் பாடு இருக்கிறதே! லாரலுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியே அந்தப் பெண் பத்திரத்தைப் பறித்துவிடுவாள். திரையில் கடைசியில் பத்திரம் உரியவளுக்கே கிடைத்தது.

அடுத்த ஆண்டே, 1938-ல், ரோச்சுக்கும் லாரலுக்கும் சண்டை முற்றியது. லாரலை நீக்கினார்கள். லாரல் வழக்குப் போட்டார். ஹார்டியின் ஒப்பந்தம் முடியவில்லை. ஆகவே அவர் வேறொரு நடிகருடன் நடிக்க வேண்டியதாயிற்று. 1939-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் ‘ஜெனோபியா'. லாரல் இல்லாத ஹார்டி! ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு சமாதானம் ஏற்பட்டது. ஜோடி மறுபடி சேர்ந்தது. இரண்டு படங்கள் 1940-ல் வெளிவந்தன. பிறகு இருவரும் ரோச்சை விட்டு ஒன்றாக வெளியேறினார்கள்.

பெரிய கம்பெனி, சிறிய இடம்

இனி நல்ல காலம் என்று லாரல் நினைத்தார். 1941-ல் பாக்ஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள். எம்.ஜி.எம். கம்பெனிக்கும் நடித்தார்கள். எவ்வளவு பெரிய கம்பெனிகள்!

ஆனால், அங்கே லாரல் வெறும் நடிகர். கதை யாரோ எழுதுவார். காட்சியை யாரோ அமைப்பார். படத்தை வெட்டும் அறைக்குள் லாரலுக்கு வேலை இல்லை. அவர் யோசனை சொன்னால் கேட்பார் இல்லை. 1941 முதல் 1945 வரை இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து 8 படங்கள். அந்தப் படங்களை நினைத்தாலே லாரலுக்கு வேதனை. பழைய படங்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

வீட்டு வாழ்க்கையும் அமைதியாக இல்லை. கலியாணப் பத்திரத்தில் லாரல் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டார். மணந்த பெண்கள் நான்கு பேர். அதில் ஒருவரை மணந்து, விலகி, வேறு ஒருவரை மணந்து, மறுபடியும் முதலில் விலகியவரையே மணந்தார்! ஹாலிவுட் பத்திரிகைகளுக்கு இது நல்ல தீனி. முதல் மனைவிக்கு ஒரு மகள் உண்டு. 1930-ல் ஒரு மகன் பிறந்தான். ஒன்பதே நாளில் இறந்துவிட்டான். ஊரைச் சிரிக்க வைத்தவர் அந்த வருத்தத்தைச் சுமந்துகொண்டே நடித்தார். 1946-ல் இடா என்ற ருசியப் பெண்மணியை மணந்தார். அது நிலைத்தது. கடைசி வரை கூட இருந்தவர் அவர்தான்.

மணி அடித்த கோயில்

ஹாலிவுட்டில் வேலை குறைந்தது. இருவரும் இங்கிலாந்துக்குப் போய் மேடை ஏறினார்கள். 1947, 1952, 1953 என மூன்று முறை போனார்கள். எங்கே போனாலும் கூட்டம். கொட்டகையின் பின் வாசலில் குழந்தைகள் கையெழுத்துப் புத்தகத்துடன் வரிசையில் நிற்பார்கள். இருவரும் பொறுமையாகப் போட்டுக் கொடுப்பார்கள்.

1953 செப்டம்பரில் அயர்லாந்தில் கோப் துறைமுகத்தில் கப்பல் நின்றது. தங்களை நினைவு வைத்திருப்பவர் யார் என்று எண்ணி இறங்கினார்கள். துறைமுகத்தில் ஆயிரக் கணக்கில் ஜனங்கள்! திடீரென்று மாதா கோயில் மணிகள் முழங்கின. காது கொடுத்துக் கேட்டால், அது லாரல் - ஹார்டி படங்களின் ஆரம்ப இசை! இருவரும் அழுதுவிட்டார்கள். இது சினிமா அழுகை அல்ல.

1954 மே மாதம் 17-ந் தேதி பிளிமத் நகரில் ஆடினார்கள். ஹார்டிக்கு உடம்பு முடியவில்லை. மீதி ஆட்டங்கள் ரத்தாயின. மேடையில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து நின்றது அன்றுதான்.

இதற்குள் அமெரிக்காவில் டெலிவிஷன் பரவிவிட்டது. பழைய லாரல் - ஹார்டி படங்களை அதில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். புதிய தலைமுறைக் குழந்தைகள் பார்த்துச் சிரித்தார்கள். விளம்பரக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். படத்தின் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். லாரலுக்கும் ஹார்டிக்கும்? ஒரு காசு இல்லை! பத்திரத்தில் அப்படி இருந்தது. பணம் வராததைவிட, விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகப் படத்தை நடுநடுவே வெட்டியதுதான் லாரலுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து ஒட்டியவர் அல்லவா?

1955-ல் ரோச்சின் மகன், டெலிவிஷனுக்குப் புதிய படங்கள் எடுக்க முன்வந்தார். வேலை தொடங்கும் முன் லாரலைப் பக்கவாதம் தாக்கியது. அவர் தேறினார். அடுத்த ஆண்டு ஹார்டியைத் தாக்கியது. அவரால் பேச முடியாமல் போனது. 1957 ஆகஸ்டு 7-ந் தேதி ஹார்டி காலமானார். உடல் நலம் இல்லாததால் லாரலால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. அதன் பிறகு அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையிலும் ஏறவில்லை.

டெலிபோன் புத்தகத்தில் லாரல்

சாண்டா மோனிக்கா என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்ன குடியிருப்பில் லாரலும் இடாவும் வசித்தார்கள். லாரல் வறுமையில் வாடுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது தவறு. ஆடம்பரம் இல்லை, ஆனால் கஷ்டமும் இல்லை. அந்த வதந்தியை மறுப்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

பெரிய நடிகர்கள் தங்கள் டெலிபோன் எண்ணை ஒளித்து வைப்பார்கள். லாரலின் எண் ஊர் டெலிபோன் புத்தகத்தில் எல்லோருடைய எண்ணையும் போல இருந்தது! டிக் வான் டைக் என்ற இளம் நடிகர் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் லாரலுக்குப் போன் செய்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். முன்பின் தெரியாத ரசிகர்களும் கூப்பிடுவார்கள். வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசி அனுப்புவார்.

தபால் மூட்டை மூட்டையாக வந்தது. பதில் எழுதக் காரியதரிசிகள் பட்டாளம் இல்லை. லாரலே டைப்ரைட்டர் முன் உட்காருவார். ஒவ்வொரு கடிதமாகத் தட்டுவார். கீழே பேனாவால் கையெழுத்துப் போடுவார். படம் கேட்டவர்களுக்குப் படம் அனுப்புவார். அதில் அவர்கள் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பது போல எழுதுவார். தபால் தலைச் செலவும் அவருடையதே.

கடிதத்தில் என்ன இருக்கும்? பெரிய தத்துவம் ஒன்றும் இருக்காது. உடம்பு, மழை வெயில், பழைய நாடக நண்பர்கள், டெலிவிஷனில் பார்த்த ஆட்டம், ஒரு சின்ன வேடிக்கை. பள்ளிக்கூடப் பையன் எழுதினாலும் பதில் உண்டு. பல பேருக்கு ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து எழுதினார். எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஊர்ப் பெரியவர் எழுதுவது போலத்தான் இருக்கும்.

1961-ல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். உடல் நிலை இடம் கொடுக்காததால் அவர் போகவில்லை. நடிகர் டானி கே அவருக்காக வாங்கிக்கொண்டார். அதற்கும் வாழ்த்துக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுக்கும் பதில் போனது!

1965 பிப்ரவரி 23-ந் தேதி லாரல் காலமானார். வயது 74. சாகும் நேரத்தில் ஊசி போட வந்த நர்சிடம், இதற்குப் பதில் பனிச் சறுக்கு விளையாடப் போகலாம் போலிருக்கிறது என்றாராம். உங்களுக்கு அந்த விளையாட்டு தெரியுமா என்று நர்ஸ் கேட்டாராம். தெரியாது, ஆனாலும் ஊசிக்கு அது மேல் என்று பதில் சொன்னாராம். இது அவரைப் பற்றி வழங்கும் கதை.

அசலும் நகலும்

இறந்தவரின் காகிதங்களுக்கு மதிப்பு ஏறியது. பிறந்த ஊரான அல்வர்ஸ்டனில் ஒரு ரசிகர் திரட்டிய பொருள்களைக் கொண்டு லாரல் - ஹார்டி காட்சிசாலையே ஏற்பட்டது. 2009-ல் அங்கே இருவருக்கும் சிலையும் வைத்தார்கள். பல வீடுகளில் மேஜை அறைக்குள் கிடந்த கடிதங்கள் வெளியே வந்தன. அவற்றின் நகல்களைத் திரட்டித் தேதி வாரியாக அடுக்கும் ரசிகர்களும் இருக்கிறார்கள். லாரலின் வாழ்க்கையை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடிதங்கள் பெரிய பொக்கிஷம்.

மதிப்பு ஏறினால் மோசடியும் வரும் அல்லவா? சேகரிப்பவர்கள் ஏமாறும் இடங்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்களுக்கு ரசிகர் கடிதங்கள் மலை போல வரும். நடிகர்களுக்குப் பதிலாகக் காரியதரிசிகளே படங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள். சிலவற்றில் கையெழுத்தும் சேர்த்தே அச்சடித்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மை காகிதத்தின் மேல் இருக்கிறதா, படத்தோடு சேர்ந்து அச்சானதா என்பது தெரிந்துவிடும்.

பேனாவும் காட்டிக்கொடுக்கும். உருளை முனைப் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-ல். 1932 என்று தேதி போட்ட கையெழுத்து அந்தப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால், அதைப் போட்டவர் லாரல் அல்ல! ஒப்பந்தமும் பாங்கிச் செக்கும் அதிக நம்பிக்கைக்கு உரியவை. பாங்கிக்காரரே கையெழுத்தைச் சரி பார்த்துத்தானே பணம் கொடுத்திருப்பார்? ஜெபர்சன் என்று கையெழுத்திட்ட பழைய காகிதம் கிடைப்பது மிக அரிது.

லாரலின் கடிதங்கள் ஏராளம். கேட்டவர்களுக்கு எல்லாம் எழுதியதால், அவை ஓரளவு எளிதாகவே கிடைக்கின்றன. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. ஹார்டி அதிகம் எழுதாதவர். அவர் கடிதம் அருமையாகத்தான் கிடைக்கும். ஒரே தாளில் இருவர் கையெழுத்தும் இருந்தால் போட்டி பலமாகிவிடும்.

அப்படிச் சேர்ந்து போட்ட கையெழுத்துகளில் பல, இங்கிலாந்துப் பயணங்களில் கிடைத்தவை. கொட்டகையின் பின் வாசலில் நின்ற குழந்தைகளின் புத்தகங்களில் இருப்பவை. ஒரு பக்கம் லாரல், பக்கத்திலேயே ஹார்டி. சிலவற்றில் ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும். அந்தத் தேதிகள் 1954 மே மாதத்தைத் தாண்டுவது இல்லை.